காற்று யாருடைய கட்டளையில் வீசுகிறது? – விமானப் பயணிகளுக்கான ஜும்ஆ பயான்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



ஆடி மாதம். மேல்காற்று அடிக்கிற அடியில் பள்ளி வராண்டாவில் விரித்த பாய் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. குதிரைமொழித் தேரிப் பக்கம் போய்வந்தவர்களுக்குச் சட்டை, தலை, கண் இமை எல்லாம் செம்மண். வள்ளியூர் வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. இந்த நேரத்தில்தான் நம் ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஒரு குழு அடுத்த வாரம் உம்ராவுக்குக் கிளம்புகிறது. அதில் போகிற ஒரு பெரியம்மா வந்து கேட்டார்கள்: "ஹஜ்ரத், போன்ல வீடியோ காட்டுறானுவ, பிளேன் அப்படியே குலுங்குது, மேலேயிருந்து சாமான் எல்லாம் விழுது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. போகலாமா, வேண்டாமா?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு பயான். அந்தப் பெரியம்மாவுக்கு மட்டுமல்ல. நம் மஹல்லாவில் துபாய், தம்மாம், குவைத் என்று யாராவது ஒருவர் பறந்துபோகாத வீடு எத்தனை இருக்கிறது?

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நபி (ஸல்) அவர்கள் காற்றை ஏசக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். திர்மிதீ, அபூதாவூத் போன்ற நூல்களில் இந்தச் செய்தி வருகிறது. காற்று அல்லாஹ்வின் ஏவலில் வருவது. அது ரஹ்மத்தையும் கொண்டுவரும், வேதனையையும் கொண்டுவரும். அதன் நன்மையைக் கேளுங்கள், தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடுங்கள் என்பது அதன் கருத்து. நாம் என்ன செய்கிறோம்? கூரைத் தகரம் பறந்தால் காற்றைத் திட்டுகிறோம், விமானம் தாமதமானால் விமானியைத் திட்டுகிறோம்.

குர்ஆனில் காற்றைக் குறிக்க ரிஹ் என்று ஒருமையிலும், ரியாஹ் என்று பன்மையிலும் வரும். மழையின் நற்செய்தியாக, மேகத்தை எழுப்புவதாக வரும் இடங்களில் பெரும்பாலும் பன்மை. ஆது கூட்டத்தாரை அழித்தது போன்ற இடங்களில் பெரும்பாலும் ஒருமை. மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விலக்கு உண்டு. சூரா யூனுஸின் 22ஆம் வசனத்தில், கப்பலுக்கு இதமாக வீசும் காற்றையும் ஒருமையில்தான் சொல்கிறான், அதையே புரட்டிப்போடும் புயலையும் ஒருமையில்தான் சொல்கிறான். முஃபஸ்ஸிர்கள் இதற்கு ஓர் அழகான காரணம் சொல்வார்கள்: கப்பலுக்கு ஒரே திசையிலிருந்து ஒரே சீராக வீசும் காற்றுதான் நன்மை; நாலாபுறமும் அடித்தால் அது ஆபத்து. அந்த வசனத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் விமானத்துக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

நம் கடற்கரைக்குக் காற்று புதிதல்ல. காயல்பட்டினத்துக்கு அரபு நாட்டிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்த காலத்தில், காற்று திரும்பும்வரை கரையில் காத்திருந்தார்கள். ஒரு பருவத்தில் வருவார்கள், அடுத்த பருவத்தில் திரும்புவார்கள். 'மான்சூன்' என்கிறார்களே, அந்தச் சொல்லே பருவம் என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். இப்போது காத்திருக்க வேண்டியதில்லை, பெட்ரோல் ஊற்றிப் பறந்துவிடுகிறோம் என்று நினைக்கிறோம். காற்று இன்னும் நம்மை விடவில்லை.

இப்போது நமக்கு மேல்காற்று வீசுகிறதல்லவா? இதே நேரத்தில் நம் தலைக்கு மேலே 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிர்த்திசையில் போகிறது. கிழக்கிலிருந்து மேற்கே. தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கி, தென்னிந்தியாவைக் கடந்து, அரபிக் கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவரை ஓடுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம். பூமத்திய ரேகைக்கு அருகே இப்படி ஒரு காற்று ஓடுவதை ஆய்ந்து 1958இல் உலகத்துக்குச் சொன்னவர் கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி. பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவரானவர். கீழே தேரி மண் கிழக்கே பறக்கிறது, மேலே காற்று மேற்கே பறக்கிறது. காற்றுகளைத் திருப்பிவிடுவதில் சிந்திக்கும் மக்களுக்கு அத்தாட்சிகள் உண்டு என்று சூரா பகராவில் அல்லாஹ் சொல்வதை நாம் எத்தனை தடவை ஓதியிருப்போம்!

இதைத்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். வானத்தில் ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி மாதிரி இதற்குக் கரை உண்டு, நடு ஓட்டம் உண்டு, வளைவு உண்டு. சில நூறு கிலோமீட்டர் அகலம், சில கிலோமீட்டர் தடிமன். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே இன்னொரு ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதன் வேகம் சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். அதாவது இந்த ஆற்றுக்குள்ளேயோ அதன் கரையிலோதான்.

ஆற்றில் ஓட்டத்தோடு நீந்துகிறவனும் எதிர்த்து நீந்துகிறவனும் ஒரே மாதிரிதான் கையை வீசுகிறார்கள். ஆனால் கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒருவன் பறக்கிறான், ஒருவன் நின்ற இடத்தில் நிற்கிறான். விமானமும் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. சாதாரணமாக ஆறு, ஆறரை மணி நேரம் ஆகிற பயணம். தரையை வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். எஞ்சின் புதிதல்ல, பின்னாலிருந்து காற்று தள்ளியது. அதே நாளில் எதிர்த்திசையில் போனவர்களுக்கு மணிக்கணக்கில் கூடுதல் நேரம், கூடுதல் எரிபொருள். துபாயிலிருந்து டில்லிக்கு வருகிற நேரமும், டில்லியிலிருந்து துபாய்க்குப் போகிற நேரமும் டிக்கெட்டில் வேறு வேறாக இருப்பதை வெளிநாடு போய்வருகிறவர்கள் கவனித்திருப்பீர்கள்.

உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு இது எதுவும் தெரியாது. அவனுக்கு டீ வருகிறது, பிரியாணி வருகிறது, தூக்கம் வருகிறது.

இதில்தான் ஒரு செய்தி இருக்கிறது, ஜமாஅத்தார்களே. நான் படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகாத செய்தி.

1947 ஆகஸ்ட் 2. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸிலிருந்து சிலி நாட்டின் சாந்தியாகோவுக்கு 'ஸ்டார் டஸ்ட்' என்ற விமானம் கிளம்புகிறது. உள்ளே 11 பேர். நடுவே ஆண்டிஸ் மலைத்தொடர். மேகம் மூடியிருக்கிறது, கீழே எதுவும் தெரியவில்லை. மலைக்கு மேலே போக வேண்டும் என்று 24,000 அடிக்கு ஏறுகிறார்கள். அந்தக் காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் பற்றி விமானிகளுக்குச் சரியாகத் தெரியாது. ஜப்பானில் ஒரு விஞ்ஞானி 1920களிலேயே பலூன் விட்டு அளந்து எழுதிவைத்திருந்தார். ஆனால் எஸ்பராண்டோ என்ற உருவாக்கப்பட்ட மொழியில் எழுதியதால் கவனித்தவர்கள் குறைவு. ஆலிம்கள் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதற்கு இதிலும் ஒரு பாடம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

விமானம் ஏறிய உயரத்தில் பலமான எதிர்காற்று. கருவியில் வேகம் சரியாகத்தான் காட்டுகிறது. ஏனென்றால் அந்தக் கருவி, சுற்றியிருக்கும் காற்றை வைத்து வேகத்தை அளக்கிறது. தரையை வைத்து அல்ல. இத்தனை மணி நேரம், இந்த வேகம், ஆகவே மலையைத் தாண்டிவிட்டோம் என்று கணக்குப் போட்டார்கள். மாலை 5.41க்குச் செய்தி அனுப்பினார்கள்: 5.45க்கு சாந்தியாகோ வந்து சேர்வோம். இன்னும் நான்கே நிமிடம். இறங்கத் தொடங்கினார்கள்.

மலை பின்னால் இல்லை. முன்னால் இருந்தது. ஊருக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் பாக்கி. துப்புங்காத்தோ மலையின் பனிமேல் மோதினார்கள். பனிச்சரிவு மூடிவிட்டது. 50 ஆண்டு கழித்து 1998இல் மலையேறப் போன இரண்டு பேர் கண்ணில் எஞ்சின் பட்ட பிறகுதான் விமானம் எங்கே போனது என்பதே உலகத்துக்குத் தெரிந்தது. விசாரித்தவர்கள் சொன்ன காரணம், அவர்கள் அறியாமல் அவர்களைப் பிடித்து நிறுத்தியிருந்த அந்த எதிர்காற்று.

இப்போது முஸ்லிம் நூலில் வரும் ஒரு ஹதீஸை நினைத்துப் பாருங்கள். திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்கிறார்கள். காசும் சாமானும் இல்லாதவன் என்று தோழர்கள் சொல்கிறார்கள். அப்படியல்ல, என் உம்மத்தில் திவாலானவன் தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வருவான், ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர் மீது பழி சுமத்தியிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான், ஒருவரை அடித்திருப்பான், அவனுடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும், நன்மை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவம் இவன் தலையில் போடப்படும் என்று விளக்குகிறார்கள்.

இவனுடைய கருவியும் சரியாகத்தான் காட்டியது! ஐந்து வக்தும் தொழுதான், வருடா வருடம் உம்ரா போனான். தாண்டிவிட்டோம் என்று நினைத்தான். தன்னை வைத்தே தன்னை அளந்தான். அடுத்தவர்களின் உரிமை என்ற தரையை வைத்து அளக்கவில்லை.

பயணத்துக்கு முன்னால் கடனை அடைக்கச் சொல்கிறோம், வஸிய்யத் எழுதச் சொல்கிறோம், உறவினர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறோம். இப்போது அது எப்படி நடக்கிறது? வாட்ஸப்பில் ஒரே செய்தியை 200 பேருக்கு அனுப்புகிறார்கள்: "தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்." உண்மையில் மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த ஒரு ஆளுக்கு மட்டும் அது போகாது. ஏனென்றால் அவரை பிளாக் செய்து வைத்திருக்கிறோம்.

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். விமானம் ஏன் குலுங்குகிறது?

ஆற்றின் நடுவில் ஓட்டம் சீராக இருக்கும். கரையோரத்தில், பாறை அருகில்தான் சுழல். ஜெட் ஸ்ட்ரீமின் ஓரத்தில், வேகமான காற்றும் மெதுவான காற்றும் உரசுகிற இடத்தில் சுழல் உண்டாகிறது. அங்கே மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ரேடாரிலும் தெரியாது. இன்னொன்று இடிமேகம். அதற்குள் காற்று மேலும் கீழுமாகப் பாயும். 2025 மே 21 அன்று டில்லியிலிருந்து ஸ்ரீநகர் போன விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கி, மூக்குப் பகுதியே உடைந்த நிலையில் தரையிறங்கியது. உள்ளே 220க்கும் மேற்பட்டவர்கள். அல்லாஹ்வின் அருளால் எல்லோரும் நலமாக இறங்கினார்கள்.

அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 2024 மே 21 அன்று, லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம். மியான்மருக்கு மேலே 37,000 அடி உயரம். பெல்ட் போடும் விளக்கு எரிந்து 8 விநாடிதான் ஆகியிருந்தது. விமானம் 5 விநாடிக்குள் 54 மீட்டர் கீழே போனது. 54 மீட்டர் ஒன்றும் பெரிய இறக்கம் அல்ல. ஆனால் அந்த வேகத்தில் பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதி, மறுபடி கீழே விழுந்தார்கள். பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம். 73 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். விமானம் உடையவில்லை, பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. பெல்ட் போட்டிருந்தவர்களுக்கும் போடாதவர்களுக்கும்தான் வித்தியாசம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பவா, அவிழ்த்துவிட்டு நம்பவா என்று ஒருவர் கேட்டபோது, கட்டு, பிறகு நம்பு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை எல்லோரும் மிம்பரில் சொல்கிறோம். விமானத்தில் ஒட்டகம் என்பது இடுப்பு பெல்ட்தான். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் போட்டிருங்கள். 8 விநாடியில் தூங்குகிறவர் எழுந்து பெல்ட் தேட முடியாது. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி அவிழ்த்துவிடுவது தவக்குல் அல்ல, சோம்பல். கைக்குழந்தைக்கு விமானத்தில் தனி பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். தாயின் பிடி அந்த உதறலைத் தாங்காது.

பெல்ட் விளக்கு எரியும்போது உளூச் செய்ய எழுந்து ஓடுவதும், நடைபாதையில் நின்று தக்பீர் கட்டுவதும் வேண்டாம். இதில் நம்மவர்களுக்கு ஒரு வீறாப்பு இருக்கிறது. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழட்டும் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சலுகை தந்திருக்கிறார்கள். விளக்கு அணைந்து, இடமும் இருந்து, ஊழியர்களும் அனுமதித்தால் நின்று தொழுங்கள். நேரம் தவறிவிடும் என்றால் இருக்கையிலேயே தொழுங்கள். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் பயணத்தில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஏறுமுன்போ இறங்கிய பின்போ அமைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நிலைகளும் கிப்லாவும் சரியாக அமையாமல் இருக்கையில் தொழுதிருந்தால் இறங்கியதும் மீண்டும் தொழுதுகொள்ளுங்கள்.

இறங்கும்போதும் காற்று இருக்கிறது. பட்டம் விடுகிற பிள்ளைகளுக்குத் தெரியும், காற்றை எதிர்த்துத்தான் பட்டம் ஏறும். விமானமும் எதிர்காற்றை முகத்தில் வாங்கித்தான் ஏறும், இறங்கும். பக்கவாட்டில் அடித்தால்தான் சிரமம். 2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயல் அன்று, சென்னையில் ஓடுபாதையைத் தொடப்போன ஒரு விமானம் காற்றில் சாய்ந்து, மறுபடி மேலே எழும்பிப் போனதை எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்கள் பயந்தார்கள். எனக்கு அந்த விமானி மேல் மரியாதை வந்தது. இறங்க வந்துவிட்டோம், எப்படியாவது இறக்கிவிடுவோம் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. முடியாது என்று தெரிந்ததும் திரும்பினார். அதன் பிறகு மறுநாள் அதிகாலைவரை விமான நிலையத்தையே மூடிவைத்தார்கள். அப்படி மூடுகிற நாளில் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளோடு சண்டை போடுகிறவர்களில் நம் தொப்பியும் தெரிகிறது, அது வேண்டாம்.

இனி யூனுஸ் சூராவின் அந்த வசனம். அல்லாஹ் ஒரு கப்பலைக் காட்டுகிறான். இதமான காற்று, பயணிகளுக்கு மகிழ்ச்சி. திடீரென்று புயல், எல்லாத் திசையிலிருந்தும் அலை. சூழப்பட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் கலப்பில்லாத மனதோடு அல்லாஹ்வை அழைக்கிறார்கள். இதிலிருந்து காப்பாற்றினால் நன்றியுள்ளவர்களாக இருப்போம் என்கிறார்கள். அடுத்த வசனத்தில், காப்பாற்றியதும் பூமியில் அநியாயம் செய்யத் தொடங்குகிறார்கள்.

நம் பகுதிச் சகோதரர் ஒருவர் வளைகுடாவில் வேலை. லீவு முடிந்து திரும்பும்போது விமானம் பலமாகக் குலுங்கியிருக்கிறது. பக்கத்தில் எல்லோரும் கலிமா சொல்கிறார்கள். இவர் அழுதுகொண்டே நேர்ச்சை வைக்கிறார்: "யா அல்லாஹ், என்னை உயிரோடு இறக்கிவிடு, தங்கச்சிக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுத்துவிடுகிறேன்." வாப்பா மவுத்தாகி ஒன்பது வருடம். வீடும், வீட்டை ஒட்டிய விளையும் இவர் பெயரில். தங்கை வாடகை வீட்டில். அவரே என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "நேர்ச்சைக்கு என்ன சட்டம் ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "இதற்கு நேர்ச்சையே தேவையில்லை தம்பி. வாப்பா கண்ணை மூடிய அன்றைக்கே அது தங்கை சொத்து. நீங்கள் கொடுப்பதல்ல, திருப்பித் தருவது." அவர் சொன்னார், "இன்ஷா அல்லாஹ், அடுத்த லீவில்."

அடுத்த லீவும் வந்துபோய்விட்டது.

குலுக்கல் நின்ற ஐந்தாவது நிமிடம் விமானத்துக்குள் பாருங்கள். கலிமா சொன்ன வாய் டீ கேட்கும். சக்கரம் தரையைத் தொட்ட அடுத்த விநாடி, எல்லார் கையும் போனில். ஷுக்ரு சொல்கிறவர் எத்தனை பேர்? நபி (ஸல்) அவர்களோ காற்று பலமாக வீசினாலே முகம் மாறி, வீட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, ஆது கூட்டமும் மேகத்தைப் பார்த்து மழை என்றுதானே மகிழ்ந்தது, அதுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பாவமே இல்லாத நபிக்கு அந்த அச்சம்.

ஆகவே பெரியம்மா, தாராளமாகப் போங்கள். விமானம் குலுக்கலைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. இறக்கை வளைந்து ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வளையத்தான் வேண்டும். பெல்ட் போட்டுக்கொண்டு திக்ரு செய்யுங்கள்.

உம்ரா குழுவினருக்கு ஒரு முக்கியமான மஸ்அலா. இந்தப் பருவத்தில் மேலே கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது என்று சொன்னேன். ஜித்தாவுக்குப் போகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளலாம். குறித்த நேரத்துக்கு முன்பே மீகாத் எல்லை வந்துவிடலாம். போன தடவை இத்தனை மணிக்கு வந்தது என்று கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லையை விமானம் சில நிமிடத்தில் தாண்டிவிடும். இஹ்ராம் இல்லாமல் தாண்டிவிட்டால் திரும்பி வந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தம் கொடுக்க வேண்டும். எனவே ஆண்கள் இங்கேயே இஹ்ராம் துணியை அணிந்துகொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்யுங்கள். தூங்கிவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே நிய்யத் வைத்துத் தல்பியா சொன்னாலும் கூடும். மாதவிடாய் உள்ள பெண்களும் மீகாத்தில் நிய்யத் செய்தாக வேண்டும், தவாஃபை மட்டும் சுத்தமான பிறகு செய்வார்கள்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு பள்ளியில் உம்ரா வகுப்பு இருக்கிறது. பாஸ்போர்ட் நகலோடு, யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். என்னிடம் காட்ட வேண்டியதில்லை; கிளம்புவதற்கு முன் தீர்ப்பதற்கு உங்களுக்கு நான்கு நாள் இருக்கும். முஅத்தின் எழுந்துவிட்டார், பாங்குக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.